கோபுரத்தைப் பிடித்த மீன்

பிப்ரவரி 8, செவ்வாய்

விடியலில் பனி. ஏழு மணிக்குள் விலகியது. கடல் அமைதி. தண்ணீர் இந்த வருஷத்தில் முதல் தடவையாகத் தெளிவு; முதுநகர் துறைமுகக் கற்களுக்கு நடுவே முழ ஆழம் வரை அடி தெரிந்தது.

என் வழக்கமான கல்லில் எவனோ ஒருவன் தூண்டிலோடு. கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. நான்கு கல் தள்ளி, பாசியில் வழுக்கி, வேட்டியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "பாத்து ஒக்காரு பெருசு, விழுந்து கிழுந்து வெக்கப் போற" என்றான். தலையை ஆட்டினேன். நன்றி வேறு சொன்னேன்.

பார்த்தது: பட்டை மீன்கள். (மீனவர்கள் 'கல்லு மீனு' என்கிறார்கள். கல்லருகே திரியும் எதையும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆகவே அது பெயராகாது.) விரல் நீளம். வெளிறிய மஞ்சள் முதுகு, குறுக்கே ஐந்து கறுப்புப் பட்டை. ஒன்றுக்கு ஒரு பொந்து. பொந்தைச் சுற்றி ஒரு சாக்கு அகலத் தண்ணீர் அதன் சொத்து. இறால் குறுக்கே போகலாம். மடவைக் குஞ்சுகள் கூட்டமாகப் போகலாம். தன் இனத்து மீன் ஒன்று எட்டிப் பார்த்தால் மட்டும் பாய்ந்து கடிக்கிறது.

முட்டை இருக்கும் கல்லில் காவல் இருப்பது ஆண். கல்லை வாயால் சுத்தம் செய்வதும் அதுவே. அந்த நாட்களில் உடம்பு நீலம் ஓடிக் கறுத்துவிடும். முட்டையிட்ட பெண்ணையே விரட்டுகிறது. 'தாயன்பு' என்று பள்ளிப் பாடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நானும் வருஷா வருஷம் அதையே நடத்தினேன்.

இவ்வளவு பெரிய வங்காள விரிகுடாவில் இதற்கு வேண்டியது ஒரு சாக்கு அகலம். அதற்கு நாள் முழுக்கச் சண்டை. புத்தகங்கள் இதைத் துணிவு என்கின்றன. எனக்கு அற்பத்தனமாகத் தெரிகிறது. (தவறாகவும் இருக்கலாம். மீனுக்கு வேறு என்ன வேலை.)

வீட்டுக்கு வந்தால் மா. காத்திருந்தார். மா. = மாப்பிள்ளை நடராஜன். மகள் வசந்தாவின் கணவர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி, விலங்கியல் துறை, டெமான்ஸ்ட்ரேட்டர். மூன்று வருஷமாகத் தற்காலிகம்.

"மாமா, நீங்கதான் காப்பாத்தணும். மாசக் கடைசில எக்ஸிபிஷன். எங்க ஹெட்டு உயிரோட கடல் மீன் வேணுங்கிறாரு. கலரா, பட்டை போட்டது. உங்களப் பத்தி நான்தான் சொல்லிட்டேன்."

"எத்தனை?"

"நாப்பது, அம்பது."

"ஒரே தொட்டியிலயா?"

"பெரிய தொட்டி மாமா. ஆறடி. முழுக்கக் கண்ணாடி."

கண்காட்சி நன்றாக நடந்தால் நிரந்தர வேலைக்குப் பரிந்துரைப்பதாகத் துறைத் தலைவர் சொல்லியிருக்கிறாராம். (இனி து.த. முழுப் பதவியும் எழுத மை வீண்.) நடக்காவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறானாம், து.த.வின் ஊர்க்காரன்.

ஒரே தொட்டியில் போட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடும் என்று சொல்லத் தொடங்கினேன். காமாட்சி உள்ளேயிருந்து, "மொதல்ல சரின்னு சொல்லுங்க. வசந்தாவுக்கு ஆறாம் மாசம்" என்றாள்.

சரி என்றேன்.

மா. போகும்போது காலில் விழப் பார்த்தார். குனிந்து பழகிய முதுகு. யாரைக் கண்டாலும் வளைகிறது.

பிப்ரவரி 10, வியாழன்

வெயில். பல் வலி, இடது பக்கம். கிராம்பு.

சோதனை. கைவலையில் இரண்டு பட்டை மீன் பிடித்து வந்து எனாமல் பேசினில் கடல்நீரில் விட்டேன். அளவு ஏறக்குறைய ஒன்று.

காமாட்சி: "ஏங்க, அது நான் அரிசி களையற பேசினு."

"கழுவிக் குடுத்துடறேன்."

"மீன் போட்ட பேசின்ல அரிசி களையச் சொல்றீங்களா? நாளைக்கு சோத்துலயும் ஒண்ண விடுவீங்க."

முதலில் இரண்டும் அசையாமல் கிடந்தன. பிறகு ஒன்று சுற்றி வந்து பார்த்தது. எல்லை தெரிந்தது போலும், முழுப் பேசினும் தனக்கு என்று முடிவு கட்டிவிட்டது. மற்றது ஓட இடமில்லை. மத்தியானத்துக்குள் அதன் வால் நார் நாராக. சாயங்காலம் மிதந்தது.

பிழைத்ததோடு இன்னொன்றை விட்டு, நடுவில் உடைந்த சட்டி ஓடுகளை நிறுத்தினேன். ஆளுக்கொரு பக்கம், ஒன்றுக்கொன்று தெரியாமல். அமைதி.

ஆக: (1) மீன் குறைவாக, (2) ஒன்றுக்கு ஒரு கல், மறைப்போடு. இரண்டும் சேர்ந்து வேண்டும். ஒரே ஒரு சோதனைதான். இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. இருந்தாலும் இந்த அளவு யோசனை து.த. என்பவருக்கும் வரக் கூடாதா? வெளிநாட்டில் படித்தவர் என்கிறார்கள். என்ன படித்தார் என்று யாரும் சொல்வதில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

து.த.வுக்கு விளக்கமாக ஒரு கடிதம் எழுதினேன். மிகவும் பணிவாக இருந்தது. கிழித்தேன். இரண்டாவது, படிக்கும்போது வாத்தியார் பையனைத் திருத்துவது போல இருந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவது எழுதவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

ரேஷனில் அரிசி வரவில்லை. கோதுமைதான். பல் வலி குறைவு.

பிப்ரவரி 19, சனி

நாளை அமாவாசை. நீர் நன்றாக வற்றியது. கற்கள் இடுப்பு வரை வெளியே. மீன் பிடிக்கத் தேவனாம்பட்டினத்து அஞ்சப்பனைச் சொல்லியிருந்தேன். கட்டுமரக்காரர், கடல் போகாத நாள்.

"இத்தப் புடிக்கவா வாத்தியாரய்யா என்ன வரச் சொன்ன? கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது."

"கண்காட்சிக்கு."

"சிதம்பரத்துல இத்தப் பாக்க ஆளு வருமா?"

"வரும்."

"அப்ப என்னியும் கூட்டிக்கினு போயி தொட்டில ஒக்கார வெய்யி. வவுத்துக்கு நல்லதா வாங்கிக் குடு. நானும் நீஞ்சிக் காட்டறேன்."

பொந்தில் கொஞ்சம் கலக்கினால் எல்லா மீனும் ஓடிவிடும், பட்டை மீன் மட்டும் ஓடாது. இடத்தை விடாமல் அங்கேயே சுற்றும். ஆகவே எளிதில் வலையில் விழுகிறது. பொந்தை விட்டிருந்தால் தப்பியிருக்கும். இதற்கெல்லாம் பரிதாபப்பட முடியாது.

நாற்பதுக்குக் கொஞ்சம் மேல்.

டின்கள் மண்ணெண்ணெய்க் கடை இஸ்மாயில் பாய் கொடுத்தார். "வாத்தியார் சாப், சுடுதண்ணி ஊத்தி நாலு தடவ கழுவுங்க. எண்ணெ வாசன ஜாஸ்தி. மீனு மவுத்தாயிடும், அப்புறம் பாய் குடுத்த டின்னுதான்னு பேரு வரும்." கழுவினேன். இருமுறை முகர்ந்தும் பார்த்தேன்.

பிப்ரவரி 21, திங்கள்

முதுநகர் ஸ்டேஷனிலிருந்து பாசஞ்சரில் சிதம்பரம். நான்கு டின். கூலிக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னா சாமி, தண்ணியா? சிதம்பரத்துல தண்ணி கெடைக்காதா?" எதிர் சீட்டில் ஒருத்தர், "உப்புத் தண்ணியாம்பா. கடல டின்னுல அடச்சி எடுத்துக்கினு போறாரு." பெட்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

பரங்கிப்பேட்டையில் வண்டி நெடுநேரம் நின்றது. மூடிகளைத் திறந்து காற்றுப் படவிட்டேன்.

கல்லூரி. து.த.வை முதல் தடவையாகப் பார்த்தேன். உயரம். வாசனைப் பவுடர். மீனைப் பார்ப்பதை விட, மீனைப் பார்க்கும் தன்னைப் பிறர் பார்க்கிறார்களா என்று பார்க்கிறார்.

"நீங்கதான் மிஸ்டர் நடராஜனோட மாமனாரா? ஸ்கூல் டீச்சர்? வெரி குட். சின்ன லெவல்ல இன்ட்ரஸ்ட் எடுக்கறவங்க ரொம்ப முக்கியம் சார்."

தொட்டி பெரியது. காலி. அடியில் வெள்ளை மணல் மட்டும்.

"கல் ஏதாவது..." என்று ஆரம்பித்தேன்.

"கல்லப் போட்டா அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கும் சார். ஜனங்க மீனப் பாக்க வர்றாங்களா, கல்லப் பாக்க வர்றாங்களா?"

"ஒன்றையொன்று கடிக்கும் என்று..."

"எப்படிக் கடிக்கும்? எல்லாம் ஒரே ஸ்பீஷிஸ். ஒரே எடத்துல பொறந்தது. சண்டை போடறது மனுஷன் ஒருத்தன்தான் சார்." பக்கத்தில் நின்ற மாணவர்களைப் பார்த்து, "நோட் பண்ணிக்குங்க" என்றார். ஒருவன் உண்மையிலேயே எழுதினான்.

மா. என் முழங்கையைத் தொட்டார். பேசாதீர்கள் என்று பொருள்.

எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டினார்கள். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன்.

வசந்தா வீட்டில் தங்கல். அவள் இளைத்திருக்கிறாள். ரசம் நன்றாக இருந்தது. "அவரு ரெண்டு நாளா தூங்கலப்பா. மீன் செத்துப் போற மாதிரி கனா வருதாம்" என்றாள்.

பிப்ரவரி 22, செவ்வாய்

காலையில் பிணங்களை எண்ணத் தயாராகப் போனேன். முடிந்து வைக்க ஒரு துணியும் எடுத்துக்கொண்டேன், குப்பையில் போடும்போது மாணவர்கள் பார்க்க வேண்டாமே என்று.

ஒன்றும் சாகவில்லை. ஒன்றுக்கும் காயம் இல்லை. நாற்பது மீனும் ஆட்டு மந்தை போல ஒன்றாக மிதந்துகொண்டிருந்தன. பட்டைகள்கூட மங்கலாக. கடிக்க முயலும் மீனும் இரண்டு விநாடியில் மறந்துவிடுகிறது. சுற்றிலும் இத்தனை பேர், யாரை விரட்டுவது?

து.த. என் தோளைத் தட்டினார். "என்ன சார், கடிக்குதா?"

"இல்லை சார்."

"ஸ்கூல் புக்கெல்லாம் பழசு சார்."

வெட்கம். பேசினில் இரண்டு மீனை வைத்துக்கொண்டு பெரிய சட்டம் வகுத்துவிட்டேன். நான் நினைப்பது: எந்த மீனுக்கும் இடம் கிடைக்காத அளவு நெருக்கடி, பிடிக்க இடமே இல்லாதபோது காவலுக்கும் அர்த்தமில்லை. கல்லும் இல்லை, பொந்தும் இல்லை. ஆகவே கோபமும் இல்லை. இது சரியா என்று தெரியாது. ஆனால் அந்த மனிதர் சொன்ன காரணம் நிச்சயமாகத் தவறு. தவறான காரணத்தோடு சரியாக இருப்பவரிடம் தோற்பதுதான் கொடுமை.

மத்தியானம் வெற்றிலை வாங்கக் கீழவீதி. கோவில் பக்கம் கூட்டம். உள்ளே போகவில்லை.

பிப்ரவரி 23, புதன்

புழுக்கம். ஐந்து மீன் மிதந்தன. காயம் இல்லை, காற்றுப் போதாமல். மற்றவை எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. ஏவலாள் பக்கிரி குவளையில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார். காற்றுக் கலக்க அதுதான் வழி. "கை உட்டுப் போச்சு சார். எங்க அப்பன் சாவும்போதுகூட நான் இத்தினி தண்ணி ஊத்தல."

து.த. வந்தார். மா.வை எல்லார் முன்னாலும்: "மிஸ்டர் நடராஜன், நாளைக்கு ஓபனிங். பொணத்தையா காட்டப் போறீங்க? இதுக்குத்தான் உங்களுக்குப் பர்மனெண்ட் வேணுமா?"

மா. முகம் சுண்ணாம்பாக. வாய் திறந்து மூடியது, தொட்டியில் இருப்பவை போலவே.

பிறகு து.த. என் பக்கம் திரும்பி, கேலியாகத்தான், "மாமனார் என்ன சொல்றீங்க?" என்றார்.

சொன்னேன். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. "குறைத்துவிட வேண்டும் சார். பத்துப் பன்னிரண்டு போதும். மீதியைத் துத்தநாகத் தொட்டியில் எடுத்து வைக்கலாம்."

"சரி. பண்ணுங்க" என்றார்.

என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரி நான் சொன்னதைக் கேட்டது இதுவே முதல். அந்தச் சந்தோஷத்தில் தலை சுற்றியிருக்க வேண்டும். ஏனென்றால் நான் பாதிதான் சொன்னேன். குறைத்தால் ஒன்றுக்கு ஒரு கல் வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. அதைச் சொல்ல வாயெடுத்து, "அப்புறம் கல்..." என்றேன்.

"கல்லு கல்லுன்னு விட மாட்டேங்கிறீங்களே. உங்களுக்காக ஒண்ணு செஞ்சி வெச்சிருக்கேன், பாருங்க." பக்கிரியைப் போய்க் கொண்டுவரச் சொன்னார். சிமெண்டில் ஒரு கோபுரம். முழ உயரம். ஏழு நிலை, நிலைக்கு ஒரு வாசல், ஒவ்வொரு வாசலும் ஒரு விரல் நீள மீன் நுழையும் அளவு. சிமெண்டுக் காரம் போக வாரக்கணக்கில் ஊறப்போட்டதாம், அந்த அளவுக்குப் புத்தி.

"சிதம்பரம்னா கோபுரம். ஸயின்ஸும் கல்ச்சரும் ஒண்ணா. எப்படி?"

மாணவர்கள் கைதட்டினார்கள். மா. எல்லாரையும் விடப் பலமாக.

வாசல் ஏழு இருந்தாலும் உள்ளே ஒரே கூடு; பன்னிரண்டு மீனுக்கு நடுவில் ஒரே ஒரு பொந்து. இதைவிடத் திறமையாக ஒரு கொலைக்களத்தைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது. "அழகாக இருக்கிறது சார்" என்றேன்.

பேசாமலே இருந்திருக்கலாம். ஐந்தோடு போயிருக்கும்.

பிப்ரவரி 24, வியாழன்

திறப்பு விழா. வாழைமரம், மைக், "ஹலோ ஹலோ செக்". வெயில்.

திறப்பதற்கு முன்பே கோபுரம் பிடிபட்டாகிவிட்டது. பெரிய மீன் ஒன்று. உடம்பு நீலம் ஓடிக் கறுத்திருக்கிறது. மூன்றாம் நிலை வாசலில் படுக்கை. நொடிக்கொரு தடவை வெளியே வந்து யாரையாவது கடித்துவிட்டுத் திரும்புகிறது. பத்து மீன் தொட்டியின் மேல் மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக, தலை சாய்ந்து. துடுப்புகள் கந்தல். ஒன்று அடியில் பக்கவாட்டில் கிடந்தது. பக்கிரியிடம் சொல்லி எடுக்கச் செய்தேன்.

மா. அருகில் வந்து, "மாமா, நீங்க சொல்லித்தானே கொறச்சோம்?" என்றார். குரலில் மரியாதை இல்லை.

தலைமை விருந்தினர் கடலூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி, மனைவியோடு. நல்ல மனிதர், எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிச்சாவரத்துக் கண்டல் செடி வைத்திருந்த மேசையில் அது என்ன கீரை என்று கேட்டார். மீன் தொட்டியில் அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

"ஏங்க, இத பாருங்களேன். இது ஒண்ணு மட்டும் கோபுரத்த விட்டு நகரவே இல்ல."

மா. சுவரோடு சுவராக.

"காவல் காக்குதுங்க" என்றார் அம்மாள். கை கூப்பினார்.

து.த. ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "எக்ஸாக்ட்லி மேடம். இந்த எக்ஸிபிட்டோட மெயின் பாயிண்டே அதுதான்."

"அப்ப மத்ததெல்லாம் ஏன் மூலையில நிக்குது?"

"அதெல்லாம் பக்தருங்க மாதிரி மேடம். மரியாதையா ஒதுங்கி நிக்குது."

அப்போது காவல்காரன் வெளியே வந்து ஒரு பக்தரின் கண்ணைக் கொத்தினான். (கொத்தியது. மீனுக்கு 'அது' என்றே எழுத வேண்டும்.)

"ஆசீர்வாதம் பண்ணுது" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

பிறகு வரிசை. ஊர் முழுக்கச் செய்தி. "கோபுரத்தக் காக்கற மீனாம்ல, வா வா." "இங்க பாருடி, எப்டி மொறைக்குது." ஒருத்தி மல்லிகை போட்டாள், பக்கிரி வலையால் எடுத்தார். இன்னொருவர் கற்பூரம் ஏற்றலாமா என்று விசாரித்தார். தாவரவியல்காரர்கள் ஆளில்லாத மேசையில் உட்கார்ந்து எங்களை முறைத்தார்கள்.

இத்தனை பேரில் ஒருவர்கூட மூலையில் இருந்ததைப் பார்க்கவில்லை. அவை ஒளிந்துகொண்டிருக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில்தான் இருந்தன.

து.த. சாயங்காலம் மா.விடம்: "வெல் டன் நடராஜன். சனிக்கிழமை முடியட்டும். ஆர்டர் போட்டுடலாம்."

மா. என்னைப் பார்த்துச் சிரித்தார். மரியாதை திரும்பி வந்திருந்தது.

பிப்ரவரி 25, வெள்ளி

இன்று காலையில் மூன்று பிணம். தொட்டி வெறிச்சென்று ஆகிவிடக் கூடாது என்பது து.த. உத்தரவு. ஆகவே கதவு திறக்குமுன் செத்ததை எடுத்துவிட்டு, துத்தநாகத் தொட்டியிலிருந்து புதிதாக விட வேண்டும். தினமும். "காவலுக்கு ஆக்டிவிட்டி வேணும்" என்கிறார். அதாவது கடிக்க ஆள் வேண்டும்.

இதை யார் செய்வது? மீனைக் கையாளத் தெரிந்தவர் நான்தானாம். மா. சொன்னார், கொஞ்சம் பெருமையோடு.

செய்தேன். மூன்று மீனை வலையில் எடுத்து விட்டேன். தண்ணீரில் விழுந்த உடனே அவை நேராகக் கோபுரத்துக்குத்தான் போகின்றன. பொந்து தெரிகிறதே, போகாமல் என்ன செய்யும். திரும்பி வரும்போது பாதி வால்.

வசந்தா இன்று கண்காட்சி பார்க்க வந்தாள். தொட்டியின் முன் நின்றாள். மூலையைப் பார்த்தாள். "அதுங்கள்லாம் ஏம்பா அப்டி இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் ஒருத்திதான் கேட்டாள்.

"அப்புறம் சொல்றேன்" என்றேன். வீட்டிலும் சொல்லவில்லை. ஆறு மாதம். வேலை நாளை நிரந்தரம் ஆகப்போகிறது. மீனைப் பற்றி என்ன இருக்கிறது சொல்ல.

எல்லாரையும் இகழ்ந்து எழுதுகிறேன். வலை என் கையில்தான் இருந்தது.

பிப்ரவரி 26, சனி

கடைசி நாள். பத்து மணிக்கு அந்த அதிகாரியின் மனைவி தன் சிநேகிதிகளோடு மறுபடி வருகிறார் என்று செய்தி. காவல் மீனைக் காட்ட.

ஆறரைக்கே போய்விட்டேன். பக்கிரி கதவைத் திறந்துவிட்டு டீக்குப் போனார். நான்கு பிணம்.

புதிய மீனை விடத்தான் வலையை எடுத்தேன். எப்போது தீர்மானித்தேன் என்று தெரியவில்லை. வலையைக் கோபுரத்தின் மூன்றாம் நிலைக்கு முன்னால் பிடித்தேன். அது ஓடவில்லை; வலையையே கடிக்க வந்தது. அப்படியே தூக்கினேன். டின்னில் போட்டு மூடினேன். சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர்.

இனி பத்து மணிக்கு து.த. வருவார், அம்மாள் வருவார், கோபுரம் காலி. கேட்பார்கள். மா.வின் ஆர்டர் போகும். வசந்தா என்ன சொல்வாள். எல்லாம் தெரிந்தேதான் செய்தேன். திரும்ப விட்டுவிடலாமா என்று ஒருமுறை மூடியில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். முழுதாக ஒரு காரியம், ஒரே ஒரு தடவையாவது.

மூலையில் இருந்தவை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒன்று கீழே இறங்கியது. எனக்கு அதைத் தெரியும்: வால் பாதி போனது, இரண்டு நாளாக எல்லாவற்றுக்கும் அடியில் நசுங்கிக் கிடந்தது, நான் தனியாகக் குவளையில் எடுத்துக் காப்பாற்றலாமா என்றுகூட நினைத்தது. கோபுரத்தை ஒரு சுற்று சுற்றியது. முதல் நிலையில் தலை நீட்டியது. இரண்டாம் நிலை. மூன்றாம் நிலைக்குள் போய்த் திரும்பி முகத்தை வெளியே வைத்துக்கொண்டது.

பக்கத்தில் அதனோடு நசுங்கிக் கிடந்த இன்னொன்று பின்னாலேயே இறங்கி வந்தது. வால் பாதி போனது பாய்ந்து கடித்தது. கண்ணைப் பார்த்தே கடித்தது.

பக்கிரி டீயோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பு கறுக்கத் தொடங்கிவிட்டது.

பத்து மணி. அம்மாள், சிநேகிதிகள், பட்டுச் சேலைகள். "அதோ பாரு, நான் சொன்னேன்ல, அதே எடம்." து.த. பின்னால் கை கட்டி, "மூணு நாளா அந்த எடத்த விட்டு நகரல மேடம்" என்றார். என் பக்கம் திரும்பி, "இல்லியா சார்?"

"ஆமாம் சார்" என்றேன்.

வால் பாதி இல்லாததை ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு மா.வின் கையில் ஆர்டர். வீட்டுக்கு ஓடி வந்தார். வசந்தா அழுதாள். பால் பாயசம். நானும் இரண்டு கரண்டி குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 28, திங்கள்

கடலூர். தென்காற்று. கடல் கலங்கல்.

நேற்று மாலை பாசஞ்சரில் திரும்பினேன். டின்னைத் திறந்து பார்த்தேன். கறுப்பு போய்விட்டது. வெளிறிய மஞ்சள், மங்கலான பட்டை. அடியில் ஒரு மூலையில் அசையாமல். பார்த்தால் யாரும் இதைக் கண்டு பயந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

காமாட்சி: "நாப்பது கொண்டு போயி ஒண்ணத் திருப்பிக் கொண்டாந்தீங்களா? அவுங்க வேணாம்னுட்டாங்களா?"

காலையில் கற்களுக்கு நடுவே விட்டேன். முதல் பொந்தில் இருந்தது துரத்தியது. இரண்டாவதிலும். பிறகு கலங்கலில் தெரியவில்லை. தேடவில்லை.

மார்ச் 3, வியாழன்

மத்தியானத் தபாலில் மா.வின் கடிதம். இரண்டு பக்கம். இனி அவர் நிரந்தரம், அதனால் கையெழுத்தே பெரியதாகிவிட்டது. அடுத்த வருஷக் கண்காட்சிக்கு து.த. ஒரு யோசனை வைத்திருக்கிறாராம். கோவிலுக்கு நான்கு கோபுரம், ஆகவே தொட்டியிலும் நான்கு. நான்கு மூலைக்கு நான்கு, நான்கு காவல். உங்கள் அபிப்பிராயத்தை ஹெட் கேட்கச் சொன்னார் மாமா, என்று கடைசி வரி.

நான்கு பொந்து, நடுவில் தூரம், நான்கு மீன். நான் முதல் நாளிலிருந்து கேட்ட கல் இதுதான். அந்த மனிதர் எதையும் யோசிக்காமலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். நான்கு மீன் மட்டும் விட்டால் ஒன்றுக்கும் காயம் இருக்காது. ஆனால் அவர் ஐம்பது கேட்பார்.

மா.வின் வேலைக்கு இனி ஆபத்து இல்லை. எனக்குப் பயப்படக் காரணம் ஒன்றும் இல்லை. கார்டு எடுத்து உட்கார்ந்தேன். 'மிகவும் நல்ல யோசனை என்று அவரிடம் சொல்லவும்' என்று எழுதி, வெயில் தாழ்ந்ததும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

எத்தனை மீன் என்பதை எழுதவில்லை.